சுவரைத் தின்ற ஊர்

முற்றுகையின் அறுபத்தோராம் நாள் காலையில் பிலவேந்திரன் தன் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எதிரி கட்டிய சுவரை யார் முதலில் தின்பது என்பதுதான் சண்டை.

கேட்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சுவர் கல்லிலோ இரும்பிலோ கட்டியதல்ல. வடதுறைக் கூட்டமைப்பின் கப்பல்கள் ஐந்து வந்து, நெடுந்துறைத் துறைமுகத்தின் வாய்க்குக் குறுக்கே ஒரு கம்பி வலையை இறக்கின. அதில் மெல்லிய மின்சாரத்தை ஓடவிட்டு, ஆய்வுக்கூடத்தில் பிறந்த சிப்பிக் குஞ்சுகளை மூட்டை மூட்டையாகக் கொட்டின. பிறகு நங்கூரத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தன. மீதி வேலையைச் சிப்பிகளே பார்த்துக்கொண்டன. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளர்ந்து, பன்னிரண்டே நாளில் கடலடியிலிருந்து நீர்மட்டத்துக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றன. கனம் முப்பது அடி. வெடி வைத்தால் ஓட்டை விழும். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் மூடியிருக்கும். உச்சியில் ஏறுகிறவனைக் கப்பலில் இருக்கும் துப்பாக்கி தானாகவே சுடும்.

கூட்டமைப்புக்கு வேண்டியது நெடுந்துறையின் நன்னீர் ஆலை. ஊர் கொடுக்கமாட்டேன் என்றது. ஆகவே குடிக்கத் தண்ணீர் இருந்தது, தின்னத்தான் எதுவும் இல்லை. தரைவழி என்று ஒன்று இருந்ததைக் கடல் விழுங்கி இருபது வருஷம் ஆகிவிட்டது. இப்போது அது ஆளை இடுப்பு வரை இழுக்கும் சேறு. துறைமுகம்தான் ஊரின் வாய். அதைத்தான் அடைத்துவிட்டார்கள்.

பிலவேந்திரன் முப்பது வருஷமாகத் துறைமுகத்தில் பைலட். வெளியே வந்து நிற்கும் பெரிய கப்பல்களில் ஏறி, ஆழம் பார்த்து, பத்திரமாக உள்ளே கூட்டி வந்து கட்டுவது அவர் வேலை. வலை இறங்கிய அன்றோடு அந்த வேலை போயிற்று. வேலையில்லாத ஆண்பிள்ளை வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று கல்யாணமான பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அவருடைய மனைவி ஞானசௌந்தரி துறைமுகத்தின் நீர் ஆய்வகத்தில் உயிரியல் அதிகாரி. அறுபது நாளாக அவளுடைய ஒவ்வொரு சோதனைக்குழாயையும் எடுத்துப் பார்த்து, "இது என்னத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் அறுபது நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

சிப்பியைத் தின்னலாம் என்ற எண்ணம் அந்த ஊரில் ஒருவருக்குமே அறுபது நாள் வரை வரவில்லை. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் கரைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக முத்துக்குளித்தவர்கள். சிப்பியை அள்ளி வந்து கரையில் குவித்து, வெயிலில் அழுகவிட்டு, சதை கரைந்தபின் முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றம் அவர்கள் ரத்தத்திலேயே ஏறியிருந்தது. சிப்பி என்றால் முத்து, இல்லாவிட்டால் குப்பை. ஆகவே முப்பது அடி கனத்துக்குச் சாப்பாட்டை வாசலில் வைத்துக்கொண்டு ஊரே பட்டினி கிடந்தது.

சௌந்தரிக்கு அந்த எண்ணம் வந்ததும் முதலில் அவளுக்கே குமட்டியது. பிறகு யோசித்தாள். யோசித்து முடித்ததும், படகுத்துறை மேடையில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தாள். ஆய்வகத்தில் எரிவாயு தீர்ந்து பல நாள் ஆயிற்று. ஒரு கூடைச் சிப்பியைக் கொத்தி வந்து தண்ணீரில் வேகவைத்தாள்.

"விஷமான்னு உன் மிஷின்ல பாக்க வேண்டியதுதானே?" என்றார் பிலவேந்திரன்.

"மிஷினுக்கு ஊத்துற மருந்து கப்பல்ல வரணும். கப்பல் எங்க வருது?" என்றாள். "இது அவுங்க செஞ்ச உயிரு. யாரும் தின்னுரக் கூடாதுன்னு உள்ளயே எதையாவது வச்சிருப்பாங்க. உடனே கொல்லுற விஷம்னா நாக்குல தெரியும். மூணு நாள் கழிச்சு ஈரலைப் பிடிக்கிற விஷமும் உண்டு. அதனால ஒரு ஆள் தின்னுட்டு மூணு நாள் இருந்து பாக்கணும்."

"அந்த ஆளு நான்."

"நீங்க எதுக்கு? ஆராய்ச்சி என்னுது."

"இந்த வீட்டுல முப்பது வருஷமா உப்புப் பாக்கது யாரு? நீ கொழம்பைக் கொதிக்க வச்சுட்டு அகப்பையோட யாருகிட்ட வருவ? என் உள்ளங்கையிலதான விடுவ? இன்னைக்கு மட்டும் என்ன புதுப் பழக்கம்?"

"இது கொழம்பு இல்ல. செத்துருவிய."

"கொழம்பும் பல நாளு அப்படித்தான் இருந்துச்சு. நான் ஏதாவது சொன்னனா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று. அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவைத்துவிட்டு அகப்பையை எடுக்க அவள் குனிந்த நேரத்தில், பிலவேந்திரன் ஒரு சிப்பியைப் பிளந்து சதையை வாயில் போட்டு விழுங்கிவிட்டார். வாய் வெந்தது. முகத்தைக் கோணாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

சௌந்தரி நிமிர்ந்து பார்த்தாள். அவர் தாடை அசைவதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வந்த கோபத்தில் அகப்பையைக் கடலில் வீசினாள். அது ஊரில் மிச்சமிருந்த நல்ல அகப்பைகளில் ஒன்று. பிறகு மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிளந்து பதினைந்து சிப்பி தின்றாள்.

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா?" என்றார் பிலவேந்திரன்.

"ஒரு ஆளு தின்னா அது நோஞ்சான் ஆராய்ச்சி. ரெண்டு பேருன்னா கொஞ்சம் நம்பலாம்," என்றாள். இன்னொன்றைப் பிளந்து அவர் பக்கம் நீட்டினாள். "நீங்க இல்லாம நான் மட்டும் இருந்து எந்தத் தண்ணிய சோதிச்சு என்ன ஆகப்போகுது? தின்னுங்க. ஒண்ணு தின்னாலும் பத்து தின்னாலும் விஷம் விஷம்தான்."

அவர் வாங்கித் தின்றார். கடலைப் பார்த்தபடி இருவரும் அந்தச் சட்டி காலியாகும் வரை தின்றார்கள். ருசி மோசமில்லை என்பதை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாளும் காலையும் மாலையும் மேடைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் நாடியை ஒருவர் பிடித்துப் பார்த்தார்கள். ஊர் தூரத்திலிருந்து வேடிக்கை பார்த்தது. மூன்றாம் நாள் சௌந்தரிக்குக் காய்ச்சல் அடித்தது. பிலவேந்திரன் அன்று வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஈரத்துணியை அவள் நெற்றியில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். எத்தனையோ புயலில் எத்தனையோ கப்பலைக் கொண்டுவந்து கட்டிய மனிதருக்கு அன்று ஒரு துணியை ஒழுங்காகப் பிழிய வரவில்லை. அவள் கண்ணை மூடியிருந்தபோது அழுதார், திறந்தபோது அதட்டினார். சாயங்காலம் காய்ச்சல் விட்டது. பட்டினி உடம்போடு இரண்டு நாள் கடல்காற்றில் உட்கார்ந்ததால் வந்த வெறும் காய்ச்சல்.

நாலாம் நாள் காலையில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு நடந்துவந்து, ஊர் பார்க்க இன்னொரு சிப்பியைத் தின்றாள் சௌந்தரி. அன்று மத்தியானம் நெடுந்துறையில் வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது.

ஊர் வயிறாரச் சாப்பிட்ட முதல் வாரத்திலேயே அடுத்த கேள்வி வந்துவிட்டது. அதைக் கேட்டவள் நகரசபைத் தலைவி மெற்றில்டா. அறுபத்தைந்து வயது; சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை, அதனால்தான் எல்லாருக்கும் பயம்.

"சௌந்தரி, நாம திங்கிறது சுவரை. சுவரு தீந்துட்டா வெளிய நிக்கிற கப்பலு உள்ள வந்துருமே. அஞ்சு கப்பலுக்கு முன்னால நம்மகிட்ட என்ன இருக்கு? இது நம்ம கழுத்தைப் பிடிச்ச கைதான். ஆனா நம்ம வாசக்கதவும் இதுதான்."

"வளருற அளவுக்கு மட்டும் திம்போம் அக்கா," என்றாள் சௌந்தரி. "ஒரு நாளைக்கு எவ்வளவு வளருதுன்னு நான் அளந்துட்டேன். ஊருல நாம மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மியான பேரு. ஆளுக்கு இருபது சிப்பி. அதுக்கு மேல ஒண்ணுகூடத் தொடக்கூடாது. அப்படித் தின்னா சுவரு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது."

சபை ஒப்புக்கொண்டது. பிலவேந்திரனுக்கு மறுபடியும் ஒரு வேலை கிடைத்தது. தினமும் காலையில் பைலட் படகில் போய், ஒலியை அனுப்பிக் கனம் பார்க்கும் கருவியைச் சுவரில் இடம் இடமாக வைத்து எண்ணைச் சொல்ல வேண்டும், சௌந்தரி குறித்துக்கொள்வாள். இருவரும் ஒரே படகில் வேலைக்குப் போவது கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. அவருக்கு அதில் இருந்த சந்தோஷத்தை முற்றுகை நேரத்தில் வெளியே காட்ட வெட்கமாக இருந்தது.

ஆனால் சுவர் குறைந்தது.

எண்பதாம் நாள் இருபத்தேழு அடி. எண்பத்தெட்டாம் நாள் இருபத்திரண்டு. நடுவில், பழைய பச்சை மிதவைக்கு நேரே, பதினொன்று. சௌந்தரி மறுபடி மறுபடி அளந்தாள். வளர்ச்சியில் மாற்றமில்லை. ஊர் கொத்துகிற அளவிலும் மாற்றமில்லை. யாரோ கூடுதலாகத் தின்கிறார்கள்.

ஊர் என்றால் நாக்கு இருக்கும். பக்கத்து வீட்டுக் குப்பையில் எத்தனை ஓடு கிடக்கிறது என்று ஆளுக்கு ஆள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு மாதம் ஒன்றாகப் பட்டினி கிடந்த ஜனங்கள், வயிறு நிறைந்ததும் ஒருவரையொருவர் திருடன் என்றார்கள். கடைசியில் விரல் வந்து நின்றது, சுவருக்குத் தினமும் படகில் போய்வருகிற ஒரே வீட்டின்மேல்.

சபை கூடியபோது அதை வாய்விட்டுச் சொன்னவர் இசிதோர். படகுப் பட்டறைக்காரர், ஊரில் மிச்சமிருந்த இரண்டு வெடிகளும் அவர் பொறுப்பில் இருந்தன.

"அளக்கவளே பங்கும் போடுதா. அதைக் கேக்க ஆளில்ல," என்றார். "எனக்கு ஒண்ணும் கோவமில்ல. சுவரு மெலியட்டும். திருடன் கொத்துற இடம்தான் ரொம்ப மெலிசு; அது எதுன்னு தெரிஞ்சா, அங்கன வெடிய வச்சு வெளிய பாஞ்சிருவோம். அந்தாண்ட நிக்கவன் முழிக்கதுக்குள்ள ஒரு கப்பலையாவது கொளுத்தலாம்."

பிலவேந்திரன் எழுந்தார். சௌந்தரி அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். இருபத்தேழு வருஷ உத்தியோகத்தில் அவள் எழுதிய எண்ணை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

மெற்றில்டா சொன்னாள்: "சனிக்கிழமை வரைக்கும் பாக்கேன் சௌந்தரி. அதுக்குள்ள காரணத்தைச் சொல்லணும். இல்லேன்னா பங்கு போடுற வேலைய வேற ஆளுகிட்ட குடுக்கணும். ஊரு உன்னை நம்பலேன்னா சுவரு நிக்காது."

அன்று அவள் சாப்பிடவில்லை. தன் பங்கு இருபதையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அதைப் பார்க்கப் பிலவேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. திருடனைப் பிடித்து ஊர் நடுவில் நிறுத்தாவிட்டால் தன் பெயர் பிலவேந்திரன் இல்லை என்று மனதுக்குள் சூளுரைத்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் தனியாகப் படகை எடுத்தார். பச்சை மிதவைக்கு நேரே ஊர்க்காரர்கள் கொத்திய பள்ளம் ஒரு குகைபோல் உள்ளே போயிற்று. படகை அதற்குள் விட்டு இஞ்சினை நிறுத்தினார். கருவியை வைத்துப் பார்த்தார். இரண்டு அடி. நம்ப முடியாமல் தட்டிப் பார்த்தார். அப்போதுதான் சத்தம் கேட்டது.

டக், டக், டக். சிப்பி கொத்துகிற சத்தம். அது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

காதைச் சுவரில் வைத்துக் கேட்டார். பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. உளியை எடுத்து, சத்தம் வந்த இடத்தில் ஓங்கிக் குத்தினார். மேலே நாலு குத்து. ஓட்டுச் சில்லுகள் உதிர்ந்து, ஒரு தேங்காய் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதன் வழியே வெளிக்கடலின் வெளிச்சமும், வெளிச்சத்தில் ஒரு முகமும் தெரிந்தன. ஒட்டிப்போன கன்னம், நரைத்த மீசை, தலையில் சமையல்கட்டுத் துண்டு. கையில் உளியும் மடியில் சிப்பியும் வைத்துக்கொண்டு அந்த ஆள் அவரையே பார்த்தான்.

உளியைத் தன் படகுக்குள் போட்டான். பிறகு அந்தாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணே, அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?"

பிலவேந்திரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதாண்ணே. அடுத்தடுத்து ரெண்டு நாள் மேடையில வந்து உக்காந்தீங்க. மூணாம் நாள் வரல. நாலாம் நாள் அக்கா உங்க தோளைப் புடிச்சுக்கிட்டு வந்தாங்க. அவுங்க நெத்தியில நீங்க கையை வச்சு வச்சுப் பாத்தீங்க. காய்ச்சல்தான்னு நாங்களே நினைச்சுக்கிட்டோம்." அவன் வெட்கப்பட்டதுபோல் துண்டால் முகத்தைத் துடைத்தான். "என் பேரு தில்லைக்கண்ணு. கப்பல்ல சமையல். எல்லாத்தையும் தொலைநோக்கியில பாத்தோம்."

மீதியை அவனே சொன்னான். நாற்பது நாளில் முடிந்துவிடும் என்று சொல்லிக் கூட்டிவந்தார்களாம். இது தொண்ணூற்றாறாம் நாள். சரக்குக் கப்பல் இரண்டு தடவை வரவில்லை. ஐந்து கப்பலிலும் சேர்த்து நானூறு பேர், அரைவயிற்றுக் கஞ்சி. சுவரைச் செய்தவர்கள் சிப்பியில் விஷம் வைத்தார்களா இல்லையா என்று கப்பலில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் அது ரகசியம் என்று பதில் வந்ததாம்.

"அப்பதான் நீங்க ரெண்டு பேரும் திங்கிறதைப் பாத்தோம். செத்தா நாமளும் தொடக்கூடாது, பொழைச்சா திங்கலாம்னுதாண்ணே முதல்ல பாத்தது. பொய் சொல்லல. ஆனா மூணாம் நாள் மேடையில யாரையும் காணோமா, எங்க பசங்களுக்குக் கஞ்சி இறங்கல. ஒரு பய வேண்டுதலே வச்சான். நாலாம் நாள் அக்கா நடந்து வந்ததும் அஞ்சு கப்பல்லயும் கை தட்டுனோம். உங்களுக்குக் கேட்டிருக்காது."

"உங்க அதிகாரிக்குத் தெரியுமா, இப்படிக் கொத்துறது?"

"வேகவச்ச முதல் தட்டே அவருக்குத்தாண்ணே."

பிலவேந்திரன் வரும்போது மனதில் ஒரு வண்டி வசவு வைத்திருந்தார். அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "காய்ச்சல் அன்னைக்கே விட்டுருச்சு. நல்லா இருக்கா," என்று மட்டும் சொன்னார். பிறகு உடைந்த ஓடுகளைப் பொறுக்கி அந்த ஓட்டையை அடைத்தார். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கை ஓடு வைத்து அடைத்தது. நாளைக்குள் சிப்பிகள் ஒட்டிக்கொள்ளும்.

சபைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆய்வகத்தில் சௌந்தரி சேலையை மடித்து மடித்துச் சரிசெய்தபடி நின்றிருந்தாள்.

"திருடன் அகப்பட்டானா?"

"அகப்பட்டான். உனக்குக் காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேட்டான்."

எல்லாவற்றையும் சொன்னார். அவள் சேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டாள். முடித்ததும், "சபையில சொல்லிரு சௌந்தரி. உம்மேல ஒரு பழியும் இல்லன்னு ஊருக்குத் தெரியட்டும்," என்றார். சொல்லும்போதே அவருக்கு இசிதோரின் இரண்டு வெடிகள் ஞாபகம் வந்தன. தில்லைக்கண்ணு நாளைக்கும் காலையில் அதே இடத்துக்குத்தான் உளியோடு வருவான். அவளுக்கும் அதே நினைப்புதான். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். முப்பது வருஷம் சேர்ந்து இருந்ததில் அந்த அளவாவது படித்திருந்தார்.

சபை பழைய உப்புக் கிடங்கில் கூடியது. உட்கார இடமில்லாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். சௌந்தரி எழுந்து, கையிலிருந்த தாளைப் பார்க்காமல் சொன்னாள்.

"யாரும் திருடல. நான்தான் தப்பா அளந்துட்டேன். வளர்ச்சிய அதிகமாப் போட்டுட்டேன். தப்பு என்னுது."

கிடங்கு முழுக்க இரைந்தது. இசிதோர் சிரித்தார். பின்னாலிருந்து யாரோ, "இவளை நம்பித்தான் கெடந்தோம்," என்றார்கள். பிலவேந்திரன் தன் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டார். அவளுக்காக இவ்வளவு பெருமைப்பட்டதும் இவ்வளவு வலித்ததும் அவருக்கு அந்த ஒரே நிமிஷத்தில்தான்.

மெற்றில்டா கையைத் தூக்கினாள். இரைச்சல் அடங்கியது.

"எவ்வளவு தப்பு?"

சௌந்தரி கையிலிருந்த தாளை மடித்தாள். "நானூறு பேரு திங்கிற அளவுக்கு, அக்கா."

மெற்றில்டா வாசல் பக்கம் திரும்பினாள். கிடங்கின் பெரிய வாசல் வழியாகச் சுவர் தெரிந்தது. அதற்கு மேலே ஐந்து கப்பல்களின் கொடிமரங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றாக ஐந்தையும் பார்த்தாள். பிறகு சௌந்தரியைப் பார்த்தாள்.

"அப்படின்னா நம்ம பங்குல ஆளுக்கு எவ்வளவு குறையும்?"

"மூணு சிப்பி."

"குறையட்டும்," என்றாள் மெற்றில்டா. "பங்கு போடுற வேலைய நீயே பாரு. அந்தத் தப்பை மட்டும் திருத்திராத."